நடுவில் நின்றுபோகும் குரல்

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. வீட்டுக்கு வந்ததும் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். அன்றைய செய்தி, மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருக்கும் தாள், யாராவது வாசிக்கச் சொன்ன கதை என எல்லாவற்றையும் வாசித்துப் பதிவு செய்து தன் இணையப் பக்கத்தில் ஏற்றுவாள். கேட்பவர்கள் கண் தெரியாதவர்கள். அபூர்வமான குரல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு உணர்ச்சியைக் கூட்டாமல் வாசிப்பாள். அது பலருக்கு வராது.

கேட்பவர்கள் குறையத் தொடங்கினார்கள். யாரும் குறை சொல்லவில்லை. சொல்லிக்கொண்டும் போகவில்லை. தன் குரல் அவர்களுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு, பார்வை போய் வேலையை விட்ட பஸ் டிரைவர் ஒருவர் போன் செய்தார்.

“ஏம்மா, உடம்புக்கு ஏதாவதா?”

“நல்லா இருக்கேனே, ஏண்ணே?”

“அந்த மாத்திரைத் தாளை வாசிச்சீங்கல்ல? ‘சாப்பாட்டுக்கு’ன்னீங்க. அப்புறம் சத்தமே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ‘முன்’னு சொல்றீங்க. எனக்கு உசுரே போயிடுச்சு.”

“அதுக்குள்ள மாத்திரையப் போட்டுட்டீங்களா?”

“எங்க போட? உங்களைக் காணோம்னு தேடிக்கிட்டிருந்தேன்.”

அவள் தம்பி இணைய இணைப்பு தரும் கம்பெனியில் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறான். அவள் கேட்டபோதெல்லாம் அவள் பக்கத்தை அலுவலகத்திலிருந்தே திறந்து பார்த்து, “கணீர்னு வருதுக்கா. அவங்க காதைத்தான் பார்க்கணும்” என்று சொல்லிவந்தான். வாடிக்கையாளர்களுக்குப் புதிதாகப் போட்ட வரிசை விதி அலுவலக இணைப்புக்குக் கிடையாது என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டில், அவள் போனில் பதிவைக் கேட்டான். குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள், வாயை மூடிக்கொண்டு. அந்த இடைவெளியில் சட்டைகள் உரசும் சத்தம்கூட இல்லை. அவளுக்குப் பதிலாக வேறு யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததுபோல் இருந்தது. பிறகு குரல் தொடர்ந்தது. தம்பி சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தான்.

“யாரும் தடுக்கலக்கா. புதுத் திட்டம். கம்பெனியோட சொந்த வாசிப்பு ஆப், பணம் கட்டினவங்க பக்கம், இதெல்லாம் முன்னால போகும். மிச்சம் இடமிருந்தா மத்தது. நான்தான் பிரிச்சுப் போட்டேன். உன் பேரே அதுல வராது. ‘இதர’ன்னு எல்லாத்துக்கும் ஒரே பெட்டி.”

தடுப்பவனிடம் சண்டை போடலாம். தாமதப்படுத்துகிறவன் எங்கே இருக்கிறான் என்பதே தெரிவதில்லை; கேட்பவர் பேசுகிறவள்தான் தயங்குகிறாள் என்று எண்ணிக்கொள்கிறார்.

“உன் பக்கத்தை மட்டும் முன்னால தள்ளிடறேன். யாருக்கும் தெரியாது” என்றான்.

“அந்தப் பெட்டியில இருக்கிற மத்தவங்க?”

“அவங்களுக்கு இங்க தம்பி இல்லையே.”

“போடா. தம்பி இருந்தாத்தான் பேச முடியுமா?”

சாதாரணத் தொலைபேசி அழைப்பு அந்த வரிசைக்குள் வராது. டிரைவரிடம் முன்பே சொல்லிவைத்துவிட்டு, மறுநாள் அலமாரிக்குள் உட்கார்ந்து அவரை அழைத்தாள். அவர் ஒருவராவது மிஞ்சட்டும் என்றுதான். செய்தியில் ஒரு வேடிக்கை வந்தது. டிரைவர் சிரித்தார். சற்றுத் தள்ளி இன்னொருவர் சிரித்தார். அதற்கும் பின்னால் ஒரு பெண். அவள் நிறுத்தினாள். மறுமுனையில் நிறைய மூச்சுகள்.

“அண்ணே, கூட யாரு?”

“பயப்படாதீங்கம்மா, உங்க ஆளுங்கதான். போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஒருத்தருக்குச் சொன்னேன், அவரு எல்லாருக்கும் சொல்லிட்டாரு. கம்பெனிக் குரலையும் கேட்டுப் பார்த்தாங்களாம். அது மூச்சே விடறதில்லையாம், பிடிக்கலன்னாங்க.”

“எத்தனை பேரு?”

“வந்துக்கிட்டே இருக்காங்க. லைட்டைப் போடுங்கன்னு வீட்டுக்காரி கத்தறா. இங்க யாருக்கு வேணும்?”

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கைத்தடி தரையைத் தட்டித் தட்டி வந்தது. நாற்காலி இழுபட்டது. வந்தவர் உட்காரும் வரை காத்திருந்துவிட்டு, அவள் செய்தியை முதலிலிருந்து வாசித்தாள்.