பஞ்சுக்காரர் இழுத்த வேட்டை வில்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பின்னால் மெத்தைக்குப் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தவர் அவர். புருவம், தாடி, காது மடல் எங்கும் பஞ்சு. ஆளுயர வில்லின் நரம்பைக் கட்டையால் அடிப்பார். அந்த அதிர்வில் பஞ்சு பிரிந்து பறக்கும். நரம்பு அறுந்தால் அவரே புதிதாக முறுக்கிக் கட்டுவார். கட்டியதும் ஒரு தடவை இழுத்துவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்பார்.

அதைப் பார்த்துத்தான், அமெரிக்காவிலிருந்து வந்த என் மைத்துனர் விட்டுப்போன வேட்டை வில்லை அவரிடம் கொண்டுபோனேன். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில். நாண் நைந்துவிட்டது, மாற்று நாண் இங்கே எங்கும் கிடைக்கவில்லை.

பழைய நாணை அளந்து, ஆட்டு நரம்பை நான்கு புரியாக முறுக்கி, கொக்கிகளில் கச்சிதமாக மாட்டினார். பிறகு வழக்கம்போல் முழுசாக இழுத்து, வெறுமனே விட்டார்.

வெடி வெடித்தாற்போல் சத்தம். வில் இரண்டாகக் கிடந்தது. தெறித்த சில்லு அவர் கன்னத்தைக் கிழித்திருந்தது. தாடிப் பஞ்சு சிவந்துகொண்டே வந்தது.

“அம்பு வைக்காம விடக் கூடாது பாய்! அம்பு இல்லேன்னா அந்த வேகம் வில்லையே ஒடச்சிடும்!” என்று கத்தினேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அவர் ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை.

“என் வில்லு நாள் பூரா வெறும்னேதான் அடிச்சிக்கினு கீது சார், ஒண்ணும் ஆவல. இது எதையாச்சும் கொல்லாட்டி ஒடஞ்சி பூடுமா?”

வில் உடைந்ததை மைத்துனருக்கு எழுதினேன். அந்தக் கேள்வியை மட்டும் எழுதவில்லை.