நடை பழக்கும் அறையில் கதிரைகள்

சிவக்கொழுந்தின் இடது கை பொன்னம்பலத்தின் குதிகாலை ஏந்தியிருந்தது. வலது கை அவருடைய பாதத்தை மேல்நோக்கி மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது. குதிகால் நரம்பு இழுபட வேண்டும். ஆனால் நோயாளி அலறக் கூடாது. அலறினால் தள்ளியது கூடிப்போயிற்று. சும்மா கிடந்தால் தள்ளியது போதவில்லை. பொன்னம்பலம் இரண்டும் செய்யாமல் திட்டிக்கொண்டிருந்தார். அதுதான் சரியான அளவு.

"கோழி உரிக்கிற மாதிரி இழுக்கிறீர். கால் எனக்குப் பிறகும் வேணும்."

"வேணுமெண்டால் பேசாமல் கிடங்கோ, ஐயா."

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் இரண்டாம் தட்டில் பொன்னம்பலம் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு எழுதுவினைஞர். மனைவி இல்லை, மகள் கனடாவில். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விழுந்தவற்றில் முதலில் திரும்பி வந்தது வாய்தான்.

அவரைப் பார்த்துக்கொள்ள மகள் ஏற்பாடு செய்தது அதே கட்டடத்தில் இருந்த சிவக்கொழுந்தை. சிவக்கொழுந்துக்கு வயது அறுபத்தெட்டு. நடுவயதில் பராமரிப்பாளர் பயிற்சி எடுத்து, சைப்பிரசில் கிழவர்களையும் கிழவிகளையும் குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, இறந்த சிலருக்குக் கண்களை மூடியும் விட்டு வந்தவள். தன்னைப் பற்றி அவளுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, தன் கைகளின் பலம். மற்றது, ஆளைப் பார்த்ததும் எடைபோடும் புத்தி. கைகளைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

இப்போது அவளுக்கிருந்த கவலை காலைப் பற்றியது. முதல் ஆறு மாதத்துக்குள் எழுப்பி நடக்கப் பழக்காவிட்டால் அந்தக் கால் விறைத்துவிடும், பிறகு அவர் கட்டிலோடுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்திருப்பவரைப் புண் வராமல் பார்த்துக்கொள்ள அவளுக்குத் தெரியும். நடக்கப் பழக்க அதற்கென்று படித்த ஆள் வேண்டும், பிடித்து நடக்கக் கம்பிகள் வேண்டும். வீட்டுக்கு வந்து போன பிசியோதெரபிக்காரரின் கட்டணத்தைக் கேட்டதும் மகள் தொலைபேசியில் கனடாவின் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். பெரியாஸ்பத்திரியில் தந்த தவணைத் திகதியோ, கால் விறைத்து முடிந்த பிறகுதான் வந்து சேரும்.

இத்தனைக்கும் ஒழுங்கை முடிகிற இடத்திலேயே மாநகர சபையின் டிஸ்பென்சரி இருந்தது. அதில் ஓர் அறைக்கு மேலே, 'இயன்மருத்துவப் பிரிவு' என்று மூன்று மொழியிலும் பலகை தொங்கியது. சபை உறுப்பினர் ராகுலன் இரண்டு வருடத்துக்கு முன் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்த அறை. அன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தியது சிவக்கொழுந்துதான். ராகுலன் நெடியவர், ஒழுங்கையில் எட்டிப் போர்த்தக்கூடிய உயரம் இருந்தது அவள் ஒருத்திக்கே. தன் சமூக அந்தஸ்தைக் கண்டு கேட்கிறார்கள் என்று அவள் கொஞ்சக் காலம் நம்பியிருந்தாள். திறந்த அன்று மாலை பூட்டிய அறை, கருவிகள் வரும் வரும் என்று பூட்டியபடியே கிடந்தது.

பொன்னம்பலத்தின் பிரஷர் குளிசை எடுக்க அவள் டிஸ்பென்சரிக்குப் போன ஒரு நாள் அந்தக் கதவு திறந்திருந்தது. கம்பிகள் வந்துவிட்டன என்று நினைத்து, வயதுக்குத் தகாத வேகத்தில் போய் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே கதிரைகள். நீலப் பிளாஸ்டிக் கதிரைகள், ஒன்றுக்குள் ஒன்று செருகி, கூரை முட்ட அடுக்கியிருந்தன. மூலையில் சுருட்டிய பந்தல் துணிகள். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் வெள்ளை மையில் 'ராகுலன் அன்பளிப்பு'. இரண்டு பேர் அவற்றை ஏதோ ஒரு செத்தவீட்டுக்கு லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கருவியள் எங்க, பிள்ளை?" என்று அங்கே நின்ற தாதியிடம் கேட்டாள்.

தாதி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இதுதான் அன்ரி கருவி. அதுக்கு ஒதுக்கின காசிலதான் இதெல்லாம் வாங்கினது. சபையில ஒராள் கேட்டவராம். கதிரையும் உடம்புக்கு ஆறுதல்தானே எண்டு சொல்லி ராகுலன் சமாளிச்சிட்டாராம்."

சிவக்கொழுந்து குளிசையை வாங்க மறந்து பாதித் தூரம் வந்து, திரும்பிப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளை வாட்டியது களவு அல்ல. போன வருடம் அவளுடைய கணவர் இறந்தபோது, பிரேதம் வீட்டுக்கு வருமுன்னே அந்தக் கதிரைகள் வந்து வரிசையாக நின்றன. பின்னால் ராகுலன் வந்தார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, "தெய்வம் மாதிரி வந்தீங்கள் தம்பி" என்று அவள் அழுதாள். எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவு வரைக்கும் அதே கதிரையில் இருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் அவருடைய குணத்தை விதந்து பேசி, குறைந்தது பத்து வாக்காவது சேர்த்துக் கொடுத்திருப்பாள். தன்னுடைய காசில் வாங்கிய கதிரைக்குத் தானே அழுது நன்றி சொன்ன பெண், அவளுக்குத் தெரிந்து, வெள்ளவத்தையில் அவள் ஒருத்திதான். பிறகு யோசித்தபோது அது பிழை என்று தெரிந்தது. ஒழுங்கை முழுக்க அப்படித்தான் அழுதிருந்தது.

கேட்டதும் பொன்னம்பலம் கடைவாயில் எச்சில் வழியச் சிரித்தார். "நான் நடக்க வேண்டிய காசில நீங்கள் எல்லாரும் இருந்திருக்கிறியள்."

"சிரிச்சது காணும், வாயைத் துடையுங்கோ. ஞாயிற்றுக்கிழமை ஆள் இஞ்ச வாறார். நேரை கேக்கிறன்."

"நீர் கேப்பீரோ?"

"ஏன், எனக்கு வாயில்லையோ?"

சபைத் தேர்தல் நெருங்கியிருந்தது. ஞாயிறு மாலை தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் சின்னக் கூட்டம். கூட்டத்துக்கு அறையிலிருந்த கதிரைகள் அத்தனையும் வந்து இறங்கின. சிவக்கொழுந்து இரண்டு நாளாகக் கேள்வியைத் தயார் செய்திருந்தாள். சமைக்கும்போதும் துவைக்கும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். 'மக்களின் வரிப்பணத்தை' என்று தொடங்கும் கேள்வி. கேட்டு முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இடையில் மூச்சு வாங்க ஓரிடமும் வைத்திருந்தாள்.

ராகுலன் வந்தார். யாரோ பொன்னாடையை அவள் கையில் திணித்தார்கள். அவர் வழக்கம்போலத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார். பக்கத்தில் அந்த முகத்தைக் கண்டதும் வரிப்பணம் எங்கோ போய்விட்டது.

"என்ன தம்பி, கண் உள்ளுக்குப் போட்டுது? நித்திரை கொள்ளுறேல்லையே? பிரஷர் பாத்தனீங்களோ?"

கூட்டம் சிரித்தது. ராகுலன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாத்தீங்களே, பெத்த தாய் கேக்கிற மாதிரிக் கேக்கிறா. இந்த அன்புக்குத்தான் நான் ஓடித் திரியிறன்." கைதட்டல் எழுந்தது. சிவக்கொழுந்து பொன்னாடையைப் போர்த்தினாள். அதை மடிப்புக் கலையாமல் சரிசெய்தும் விட்டாள். கை பழகிய வேலை, புத்தியைக் கேட்டுச் செய்வதில்லை.

போய் உட்கார்ந்தபோது காது சுட்டது. மேலே பொன்னம்பலம் யன்னலோரம் உருள்கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது வேறு.

ராகுலன் பேசினார். எத்தனை வீட்டுத் துக்கத்தில் பங்கெடுத்தார் என்று சொன்னார். கடைசியில், "உங்களுக்கு என்ன தேவை, கூச்சப்படாமல் கேளுங்கோ" என்றார்.

மூன்றாம் தட்டு மேனுகா எழுந்தாள். "மழைக்குத் தாங்குற பெரிய பந்தல் ஒண்டு வேணும், அண்ணை."

"செய்வம்!"

சிவக்கொழுந்து எழுந்து நின்றாள். நீண்ட கேள்வியை அவள் கைவிட்டிருந்தாள். குளிசை விழுங்க மறுக்கும் நோயாளியிடம் நீளப் பேசக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். சின்னதாக ஒன்றைச் சொல், சொன்னதையே சொல், குரலை உயர்த்தாதே, இடத்தை விட்டு அசையாதே. இது ஏன் இவ்வளவு நேரம் ஞாபகம் வரவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு கேட்டாள்.

"டிஸ்பென்சரியில அந்த அறையை எப்ப திறப்பீங்கள், தம்பி?"

"நல்ல கேள்வி அம்மா. சுகாதாரத்துக்கு நாங்கள் நிறையத் திட்டம் வச்சிருக்கிறம்..."

"ஓம். அறையை எப்ப திறப்பீங்கள்?"

"நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்தால்..."

"தெரியும். அறையை எப்ப திறப்பீங்கள்?"

சிரிப்பு நின்றுவிட்டது. ராகுலன் பொன்னாடையைத் தோளில் இழுத்துவிட்டார். குரல் தேனாகியது. "அம்மா, ஐயா மோசம் போன நேரம் உங்கட வீட்டுக்கு முதல் ஆளா வந்து நிண்டது ஆர்? மறந்திட்டீங்களோ?"

அது வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கணம், உட்கார்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

"மறக்கேல்லை. அழுது நன்றி சொன்னனான். உங்கட கதிரை எண்டு நினைச்சுச் சொன்னது, அது என்ர மடைத்தனம். அது பொன்னம்பலமையா நடக்கப் பழகிறதுக்கு வந்த காசு. இனி எங்கட சாவுக்குக் கதிரையை நாங்களே வாடகைக்கு எடுக்கிறம் தம்பி. நீங்கள் உயிரோட இருக்கிற ஆக்கள் எழும்பி நடக்க வழி பாருங்கோ."

ராகுலனை விட மேனுகாவுக்குத்தான் கோபம் வந்தது. "அவக்கென்ன! அவவின்ர மனுசன் செத்து முடிஞ்சுது. எங்கட மாமிக்கு இனித்தானே!"

பக்கத்துக் கதிரையிலிருந்து மாமி நிமிர்ந்தாள். "எடி, நான் இஞ்சதான் இருக்கிறன்."

கீழ்த்தட்டு பஹ்மிதா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவளுடைய தாய் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தாள். "அன்ரி கேக்குறது சரி. எங்கட உம்மா அஞ்சு மாசமா கட்டில்லதான் ஈக்கிறாங்க. கதிர தந்தீங்க, சந்தோசம். அவங்களுக்கு தனியா எழும்பி அதுல குந்தவே ஏலாது. ரூம எப்ப தொறப்பீங்க?"

"தேர்தல் முடியட்டும் தங்கச்சி, முதல் வேலையா..."

"தேர்தல் முடிஞ்சால் எங்களை உங்களுக்குத் தெரியாது" என்றாள் சிவக்கொழுந்து. "இப்பவெண்டால் பேரோடு தெரியுது."

ராகுலன் இன்னொரு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டார். அவருடைய ஆட்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். கதிரை ஏற்ற லொறி வரவில்லை. ஒழுங்கை இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. அதில் சிவக்கொழுந்துக்குக் கிடைத்த பேர்களில் 'நன்றி கெட்டவள்' என்பதுதான் மரியாதையானது. ஆனாலும் கலையுமுன் ஒன்றை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அந்தக் கேள்வி ஒன்றுதான். பதில் சொன்னால் தேத்தண்ணி. அறை திறந்து ஆள் நியமித்தால் பொன்னாடை. மேனுகா, பந்தலையும் அதில் சேர்க்கப் பார்த்தாள்; மாமி விடவில்லை.

மேலே போனதும் பொன்னம்பலம் கேட்டார். "பிரஷர் எவ்வளவாம்?"

அவள் அவருக்குச் சோறு குழைத்தாள்.

மறுநாள் காலை தேத்தண்ணி ஆற்றும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கதிரைகள் முழுவதும் கீழே நிற்கின்றன. அப்படியானால் அறை வெறுமையாக இருக்கிறது. பஹ்மிதாவின் கதவைத் தட்டினாள். அரை மணித்தியாலத்தில் இரண்டு உருள்கதிரைகள் ஒழுங்கை வழியே போயின. ஒன்றில் பஹ்மிதா தள்ள அவளுடைய உம்மா ஓதிக்கொண்டு வந்தாள். மற்றதில் பொன்னம்பலம், சவரம் செய்யாமல் ஊர்வலம் கொண்டுபோகிறார்கள் என்று முறைப்பட்டுக்கொண்டு வந்தார்.

"மேலிடத்தில கேட்டால் நான் என்ன சொல்ல, அன்ரி?" என்றாள் தாதி.

"நோயாளியள் வந்திருக்கினம் எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லையே."

தாதி திறந்துவிட்டாள். டாக்டர் வந்து பார்த்தார், போய்ப் பெரியாஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தார். கிழமைக்கு ஒரு நாளாவது ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டாராம். பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம்.

"அப்ப நாளைக்கும் வாறம்" என்று சொல்லிவிட்டு, சிவக்கொழுந்து விளக்குமாற்றை எடுத்துத் தரையைக் கூட்டத் தொடங்கினாள்.

அந்த நேரம் லொறி வந்து நின்றது. வாகனத் தரிப்பிடத்தில் கதிரைகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்த சாரதி, அறைக்குள் ஆட்களைக் கண்டு திகைத்து, இவற்றை எங்கே போடுவது என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஆற்ற பேர் எழுதியிருக்கோ, அவற்ற வீட்டிலயே கொண்டுபோய்ப் போடு" என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். நல்ல அடி கொடுத்த திருப்தி. லொறி ஒழுங்கை முனையில் திரும்பும் வரை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"கெட்டித்தனம்" என்றார் பொன்னம்பலம். "எங்கட காசில வாங்கின கதிரை. இதுவரைக்கும் சபையின்ர அறைக்குள்ளயாவது கிடந்தது. இப்ப முழுசா அவருக்கே குடுத்தனுப்பிட்டீர்."

சிவக்கொழுந்து ஒழுங்கை முனையைப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"கதைச்சது காணும். எழும்புங்கோ" என்று குனிந்து, அவர் இடுப்பைச் சுற்றிக் கைகோத்துத் தூக்கினாள். அவர் எழும்பினார். வலது முழங்கால் நடுங்கியது. அவள் தன் முழங்காலால் அதை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்தால் மனிதர் விழுந்துவிடுவார்.

"பஹ்மிதா, ஓடு பிள்ளை" என்று கத்தினாள். "காலி வீதிச் சந்தியில சிவப்பு லைற் இருக்கும். லொறியை மறி!"