சகாயநாதன் மகள் பாடுகிறார்

அருள்மேரிக்குப் பத்து வயது நடக்கும்போது அவள் அப்பா சகாயநாதன் ஊரைவிட்டுப் போனார். கழக ஆட்சி வந்த அறுபத்தேழாம் வருஷம் அது. திருவாரூருக்குத் தெற்கே மேலத்தோப்பில் செங்கொடிச் சங்கத்தை அவர்தான் நடத்திவந்தார். அறுப்புக்கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கினார். அடிதடியானது. மிராசுதாரின் காரியக்காரர் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். சகாயநாதன் அப்போது சமாதானம் பேச வேறு தெருவுக்குப் போயிருந்தார். ஆனாலும் போலீஸ் எழுதிய முதல் பெயர் அவருடையதுதான்.

"கேஸு ஓஞ்சதும் வந்துடுறேன்" என்று மனைவி அமலோற்பவத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அருள்மேரி அந்நேரம் மாதா கோயிலில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபோது கொடியில் அப்பாவின் துண்டுகூட இல்லை.

அவளை முதன்முதலில் பாடவைத்தவர் அவர்தான். சங்கக் கூட்டத்தில் மாட்டுவண்டி மேல் தூக்கி நிறுத்தி, "கடைசியில நிக்கிறவன் காதுல விழணும், பாடு" என்பார். பாடி முடித்ததும், யாரோ பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்.

மூன்று வருஷத்தில் சாட்சி இல்லையென்று கோர்ட்டு வழக்கைத் தள்ளிவிட்டது. கூடத் தலைமறைவான மற்றவர்கள் வந்துவிட்டார்கள். சகாயநாதன் வரவில்லை.

"அவருக்குத் தெரிஞ்சிருக்காது. கண்காணாத எடத்துல கெடந்தா யாரு போய்ச் சொல்றது?" என்றாள் அமலோற்பவம். மேரியும் அதையே நம்பினாள்.

மாதா கோயில் திருவிழாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து காதர் மைதீனின் மெல்லிசைக் குழு வந்திருந்தது. பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பங்குச்சாமியார் மேரியை மேடையேற்றினார். அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்த காதர் மைதீன் இரண்டாவது பாட்டிலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். மறுநாள் வீட்டுக்கே வந்தார்.

"ஆம்பளைங்களோட வேன்ல அனுப்புறதாங்க?" என்று தயங்கினாள் அமலோற்பவம்.

"எங்க வூட்டுக்காரம்மா ஷம்சாத்தும் கூட வருவாங்கம்மா. என் தங்கச்சி மாதிரி பாத்துக்குறேன்."

அப்போது அவளுக்குப் பதினாறு. கோயில் திருவிழா, கல்யாண வீடு, கட்சி மாநாடு என்று வேன் ஓடாத ஊரில்லை. காதர் மைதீன் மெட்டமைத்து அவள் பாடிய பாட்டுகள் திருச்சி வானொலியில் வந்தன. காலேஜ் பெண்கள் அவளைப் போலவே கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டார்கள். போஸ்டரில் 'பேபி மேரி' என்று போடலாமென்றார் காதர் மைதீன்.

"சகாயநாதன் மகள் அருள்மேரின்னு போடுங்க பாய். மேடையிலயும் அப்பிடியே சொல்லச் சொல்லுங்க."

"அப்பா பேரையெல்லாம் யாரும்மா கேக்கப் போறா?"

"ஒருத்தர் கேப்பாரு."

ஒவ்வொரு ஊரிலும் விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்தில் நிற்பவர்களைப் பார்த்தபடியே பாடினாள். மிராசுதார் வீட்டுக் கல்யாணத்துக்கும் குழுவைக் கூப்பிட்டார்கள். கொல்லைப்பக்கம் நின்று அம்மா கூலிநெல் வாங்கிய வீட்டின் முன்வாசலில் அவளை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அதைப் பார்க்க வேண்டியவர் கூட்டத்தில் இல்லை. மதராஸிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனி ஆள் அனுப்பியபோதும் போகவில்லை. அப்பா வந்து தேடினால் என்ன செய்வது?

வேதாரண்யத்தில் உப்பளத் தொழிலாளர் விழாவில் பாடிய மறுநாள் காலை, வேன் பக்கத்தில் ஒரு சின்னப்பெண் வந்து நின்றது.

"அக்கா, ஒங்க பாட்டு எல்லாம் எனக்குத் தெரியும். ரேடியோல ஒங்க பாட்டு வந்தா எங்கப்பா யாரையும் பேச வுடமாட்டாரு."

"நேத்து ஒங்கப்பா வந்தாரா?"

"வர மாட்டேன்னுட்டாரு. வூட்டுக்குள்ளயே படுத்துக்கிட்டாரு."

கண்ணாடியில் தினமும் பார்க்கும் நெற்றியும் புருவமும் அந்த முகத்தில் இருந்தன. அது வீட்டுக்குத் திரும்பியபோது மேரி அதன் பின்னாலேயே நடந்தாள்.

உப்பளத்தை ஒட்டிய குடிசை வாசலில் அவர் உப்பு வாரும் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். சுத்தியல் கையிலேயே இருந்தது. என்ன சொல்ல வேண்டுமென்று மேரி வருஷக்கணக்காக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். எல்லாம் போய் ஒன்றுதான் வந்தது.

"கேஸு தள்ளுபடி ஆயிடுச்சுப்பா."

"தெரியும்மா."

உள்ளேயிருந்து ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு எட்டிப்பார்த்தாள். பேர் வேம்பு. யாரென்று புரிந்ததும் உள்ளே போய் வரக்காப்பி போட்டுக்கொண்டு வந்து தலைகுனிந்தபடி நீட்டினாள். மேரி வாங்கிக் குடித்தாள்.

"வரத்தான் இருந்தேன். இவதான் என்னை ஒளிச்சுவச்சுச் சோறு போட்டா. அதுக்குள்ள இந்தப் புள்ள பொறந்துடுச்சு" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடையில எம் பேரைச் சொல்றத நிறுத்திடும்மா. இங்க நான் தாஸு. அது காதுல விழுறப்பல்லாம் ரெண்டு பக்கமும் ஒடம்பு கிழியுது."

அவள் பாடி முடித்ததும் பார்ப்பாரே, அதே மாதிரி அவர் வாய் திறந்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் அந்த முகம் இருந்தும் தொட முடியவில்லை. சின்னப்பெண்ணின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டாள்.

அம்மாவிடம் மறைக்கத் தோன்றவில்லை. வயலில் நாற்றுமுடி கட்டிக்கொண்டிருந்த அமலோற்பவம் கை நிறுத்தாமல் முழுசும் கேட்டாள்.

"அவருக்கு ஒடம்பு நல்லாருக்கா?"

"கொஞ்சம் கறுத்துட்டாரு. நல்லாதான் இருக்காரு."

"அவ நல்லவளா?"

"நல்லவளாத்தான் தெரியுது."

நாலைந்து முடி கட்டியபிறகு சொன்னாள்: "ஒரு தடவ பாக்கணும்டி. பேச வேணாம். தூரத்துலேருந்து."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். அமலோற்பவம் ஈஸ்டருக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். திருத்துறைப்பூண்டியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். வேதாரண்யம் பஸ் வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. அடுத்ததும் வந்து போனது. மேரி பொட்டலம் கட்டிய வேர்க்கடலையை நீட்டினாள். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்தாள்.

"நான் போய் நின்னா, அந்தப் புள்ள அப்பனப் பாத்து இவங்க யாருன்னு கேக்கும்ல?"

"கேக்கும்."

"அவரு என்னத்தச் சொல்லுவாரு பாவம்."

வெயில் ஏறியது. அமலோற்பவம் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"மதராஸ்காரன் இன்னொரு தடவ கூப்பிட்டான்னியே, எப்பப் போவணும்?"

"போறதா இருந்தா வர்ற வாரம்மா."

"நானும் வரட்டுமாடி?"

மேரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திருவாரூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. இருவரும் அதில் ஏறினார்கள்.