வட்டி ஏறும் செவ்வாய்க்கிழமைகள்

வீட்டுக்கடன் தரகர் தொழிலில் வட்டியை ஏற்றுவது யாரோ, ஏச்சு வாங்குவது நாங்கள். அந்த யாரோ சிட்னியில் இருக்கிறார்கள். ஆஸ்திரேலிய மத்திய வங்கியின் குழு அங்கே கூடிப் பேசி, செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் முடிவைச் சொல்லிவிடும். மெல்பர்னில் என் தொலைபேசி அலற ஆரம்பிக்கும். உங்களுக்கும் வீட்டுக்கடன் இருந்தால், அழைப்பவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள்.

எத்தனையோ பேர் கதை இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதினால் உங்களுக்கும் தூக்கம் போகும். ஒரு குடும்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு கதிரை

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தம்பதி குகநேசன் அண்ணாவும் ரஞ்சி அக்காவும் மெல்பர்னின் கிளென் வேவர்லியில் வீடு வாங்கியது வீட்டுக்காக அல்ல, பள்ளிக்கூடத்துக்காக. மகள் அபிநயா ஆரம்பப் பள்ளியை முடிக்கும்போது, பள்ளிக்கென்று அரசு வரைந்த எல்லைக்குள் குடியிருந்தால்தான் அங்குள்ள நல்ல அரசுப் பள்ளியில் இடம். ஒழுகும் கூரையையும் ஒற்றைக் குளியலறையையும் பார்த்துவிட்டு, "இதை வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டேன். எல்லைக் கோட்டின் வரைபடத்தை எடுத்து நீட்டினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு கடனை வாங்கிக் கொடுத்தேன்.

வட்டி ஏறத் தொடங்கியதும் அண்ணா நேரே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அந்தக் குழுவின் நாற்காலிகளில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். பொருளாதாரம் படித்தவர்கள், பெரிய கம்பெனிகளை நடத்தியவர்கள், அரசுக் கருவூலத்திலிருந்து ஒருவர் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அதில கடன் கட்டுற சனத்துக்கு எண்டு ஒரு கதிரையும் இல்லையோ, தங்கச்சி?"

நட்சத்திரம் தெரியாதவர்

அடுத்த கூட்டத்தன்று கேரம் டவுன்ஸ் கோவிலில் அர்ச்சனை வரிசையில் நின்றேன். வேண்டுதல் என்ன என்று கேட்காதீர்கள், உங்களுடையதுதான். எனக்கு முன்னால் ரஞ்சி அக்கா. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து, தூங்காமல் வந்திருந்தார். கணவர் பெயருக்கும் மகள் பெயருக்கும் அர்ச்சனை முடிந்தது. இன்னொன்று இருக்கிறது என்றார் அக்கா. மத்திய வங்கி ஆளுநர் பெயருக்காம். அவருக்கு நல்ல புத்தி வரவேண்டுமாம்.

குருக்கள் சிரிக்கவில்லை. நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றார் அக்கா. வெள்ளைக்காரருக்கு நட்சத்திரத்தை எங்கே போய்த் தேடுவது? குருக்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நட்சத்திரம் தெரியாட்டிலும் பரவாயில்லை அம்மா, எனக்கும் வீட்டுக்கடன் இருக்கு, நான் வடிவாச் சொல்லிவிடுறன்."

அன்று மத்தியானம் மறுபடி ஏறியது.

யார் சொன்னால் கேட்கும்?

தேர்தலில் வாக்குக் கேட்டு வீட்டுக்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடித்தால் என்ன என்றார் அண்ணா. பிரதமரே சொன்னாலும் வட்டி விஷயத்தில் வங்கி கேட்க வேண்டியதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு உபதேச ஆசை வந்துவிட்டது. புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாடு முதலில் கொடி தைக்கும், அடுத்தது மத்திய வங்கி கட்டும். ஆள்கிறவர்கள் கேட்டபோதெல்லாம் அந்த வங்கி தாள் அச்சடித்துக் கொடுத்தால் நாடு நாசம். அதனால்தான் இங்கே அரசைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

அதெல்லாம் அவருக்கு நான் சொல்ல வேண்டுமா? இலங்கையில் காசு மதிப்பிழந்து நாடு முடங்கியபோது அவர் தங்கை யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர். "அங்க மந்திரி சொல்லுக் கேட்டு வங்கி எங்களை அழிச்சுது, இங்க ஒருத்தற்ற சொல்லும் கேளாமல் அழிக்குது, எனக்கு ரெண்டும் ஒண்டுதான், தங்கச்சி."

 

தேவையான அளவு

அண்ணா டான்டினோங்கில் ஒரு மரச்சாமான் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். வட்டி ஏறியதும் ஜனங்கள் சோபா வாங்குவதை நிறுத்தினார்கள். கிடங்கில் ஆள் குறைத்தார்கள். அண்ணாவும் அதில் ஒருவர்.

கடன் கொடுத்த இடத்தில் கெஞ்சிச் சில மாதம் தவணை கட்டாமலிருக்க அவகாசம் வாங்கிக் கொடுத்தேன். அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது தொலைக்காட்சியில் யாரோ ஒரு நிபுணர் பேசிக்கொண்டிருந்தார். விலைவாசி அடங்க வேண்டுமானால் வேலையில்லாதவர்கள் கொஞ்சம் கூடத்தான் வேண்டும் என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், குரலைக்கூட உயர்த்தவில்லை. அக்கா கையில் கரண்டியோடு குசினி வாசலில் நின்று கேட்டார். உண்மையா என்று என்னைப் பார்த்தார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அக்கா தொலைக்காட்சியை அணைத்தார். "அப்ப இவற்ற வேலை போனது நாட்டுக்கு உதவியா இருந்திருக்கு, ஒருத்தரும் வந்து ஒரு நன்றி சொல்லயில்லையே."

ஏலம்

கடனைக் கட்ட வழியில்லாமல் வீட்டை விற்கவேண்டி வந்து, ஒரு சனிக்கிழமை வீட்டு முற்றத்தில் ஏலம் நடந்தது. அபிநயா ஆறாம் வகுப்பு, இங்கே ஆரம்பப் பள்ளியின் கடைசி வருடம். உயர்பள்ளிக்கு விண்ணப்பிக்கச் சில மாதங்களே இருந்தன. வாங்கியதும் ஒரு தமிழ்க் குடும்பம்தான், அவர்களுக்கும் பெண் பிள்ளை, அவர்களிடமும் அந்த வரைபடம். அபிநயா அம்மாவின் முதுகைத் தடவி, "இட்ஸ் ஓகே அம்மா, எனி ஸ்கூல் இஸ் ஃபைன்" என்றாள். அக்கா அப்போதுதான் உடைந்து அழுதார். நானும் என் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். தரகர்கள் அழக்கூடாது என்று விதி எதுவும் இல்லை.

அவர்கள் அந்த எல்லைக்கு வெகு வெளியே, கிரான்போர்னில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை வட்டி இறங்கியது. வாடிக்கையாளர்கள் ஒருவர் விடாமல் என்னைப் பாராட்டினார்கள், ஏதோ நான் இறக்கியதைப் போல. சாயங்காலம் குகநேசன் அண்ணா அழைத்தார். எடுக்கவே பயமாக இருந்தது. அவர் குரலில் கோபம் இல்லை. "தங்கச்சி, குறைச்சிட்டினமாம், எங்கட வீட்டை வாங்கின ஆக்களுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ, பாவம், அவையும் பயந்து கொண்டிருந்திருப்பினம்."

நான் கற்ற பொருளாதாரம் இவ்வளவுதான்: நாட்டில் விலைவாசி இறங்குவதற்கு யாராவது ஒரு குடும்பம் தன் வீட்டுப் படியிறங்க வேண்டியிருக்கிறது, அது எந்தக் குடும்பம் என்பதை மட்டும் எந்தக் கூட்டத்திலும் முடிவு செய்வதில்லை.