படகில் ஓர் உருதுச் சொல்

காலை ஆறு நாற்பது. அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தாம் செல்லும் படகில், எனக்கு எதிரே ஒரு முஸ்லிம் பெண் மடியில் பையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். காது கேட்காது, உருது மட்டுமே வாசிப்பார். மகள் சென்னை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அங்கே போக டிக்கெட் எடுக்க வேண்டும். விமானம் என்றால் அவருக்குப் பயம்.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டுச் செல்வியின் போனுக்கு டாக்டரிடமிருந்து ஆங்கிலத்தில் செய்தி வருகிறது: ‘ஃபேடிங்.’

“அண்ணே, இத உருதுல எப்படிப் போட?” என்று என்னிடம் கேட்கிறாள்.

“பொழைக்கிறது கஷ்டம்னு போடுங்க.”

“நீங்க மெயின்லேண்ட் போயிருவீங்க. தினம் அவங்க மூஞ்சில முழிக்கிறது நான்தானே?”

மொழிபெயர்ப்பாகப் போன் காட்டும் உருதுச் சொற்களில் மிருதுவானதைத் தேர்ந்தெடுக்கிறாள்: முர்ஜானா. பூ வாடுவதற்குச் சொல்வது. திரையை நீட்டுகிறாள்.

அந்த அம்மாள் இருமுறை வாசிக்கிறார். முகம் தெளிகிறது.

“கானா நஹீ காத்தீ ஹோகீ,” என்கிறார் உரக்க. சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாளாம். தான் போய் ஊட்டிவிட்டால் தேறிவிடுவாள், கப்பல் டிக்கெட்டே எடு என்கிறார்.

செல்வி தலையசைக்கிறாள்.

கப்பல் சென்னை போய்ச் சேர மூன்று நாளாகும்.