ஒரு விரல் இடைவெளி

எங்கள் சித்தப்பா வைத்திருந்த சிவப்புக் கார் எப்படிப் போனது என்று வீட்டில் யாரைக் கேட்டாலும், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரின் கண் பட்டுத்தான் போனது என்பார்கள். அம்மா இதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வாள். நானும் இத்தனை வருடமாகப் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்த மனிதரின் கண்ணுக்கும் அந்தக் காருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பொறாமைப்பட்டவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தார். அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் அவருக்கு. அவரிடம் ஒரு பைக் இருந்தது, அதன் பெட்ரோல் டேங்கின் மேல் உட்காருகிற உரிமை எனக்கு இருந்தது. பள்ளிக்கூடம், டியூஷன், பரோட்டாக் கடை, ஏரிக்கரை என்று எல்லா இடத்துக்கும் அப்படியேதான் போனோம். நான் இன்னாருடைய மகள் என்பது ரேஷன் கார்டுக்குத்தான், மற்றபடி நான் சித்தப்பாவின் ஆள்.

அப்படி இருக்கையில் அவர் பெங்களூருக்குப் போய், மூன்று கை மாறிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டே கதவு. முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் சீட்டு என்று பெயருக்கு ஒன்று. முகப்பு விளக்குகள் மூடிக் கிடக்கும், சுவிட்சைப் போட்டால் எழும்பும். அதிலும் வலது பக்கத்தது மட்டும்தான் எழும்பும், இடது பக்கத்ததை யாராவது இறங்கிப் போய்க் கையால் தூக்கிவிட வேண்டும். ஏசி இருந்தது, காற்றுதான் வராது. தெருவே கூடிவிட்டது. அப்பா காரை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, இதற்கு நாலு பேர் போகிற மாதிரி உருப்படியாக ஒன்று வாங்கியிருக்கலாம் என்றார். பிறகு யாரும் பார்க்காதபோது உள்ளே உட்கார்ந்து பார்த்தார். அவரை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் மட்டும் கைகட்டி நின்று, "சும்மா கப்பல் கணக்கா கீது நைனா" என்றார். அந்த ஒரு பாராட்டுக்கு அவர் பின்னால் பட்டபாடு அவருக்குத்தான் தெரியும்.

முதலில் எனக்குப் பொறாமை அந்தக் காரின் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் சித்தப்பாவின் கால்கள் மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்தன, மீதி உடம்பு காருக்கு அடியில் இருந்தது. ஒரு சாமான் கெட்டால் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் போய்த் தேடுவார், கிடைக்காவிட்டால் பட்டறையில் டீ நேரத்தில் தானே லேத்தில் கடைந்து எடுத்துவருவார். எங்கோ ஒரு வெள்ளைக்காரர் அதே காரைப் பிரித்து மேய்கிற வீடியோவைச் செல்போனில் ஓடவிட்டு, ஒரு வார்த்தை புரியாமலே அவர் கையை மட்டும் பார்த்து வேலை கற்றுக்கொண்டார். ஒரு கதவின் ரப்பருக்காக இரண்டு மாதம் காத்திருந்தார். எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்திருந்தபோது அவர் இரண்டு தடவைதான் எட்டிப் பார்த்தார் என்று நான் கணக்கு வைத்திருந்தேன்.

அந்தக் காருக்கு ஒரே ஒரு பெரிய எதிரி, வேகத்தடை. எங்கள் பக்கத்தில் வேகத்தடை என்பது அரசாங்கம் போடுவது மட்டுமில்லை. வீடு கட்டி மிச்சமான கான்கிரீட் இருந்தால் தெருக்காரர்களே ஒன்றைக் கொட்டிவிடுவார்கள், உயரம் அவரவர் கோபத்தைப் பொறுத்தது. காரோ தரையோடு தரையாகப் போகிற ஜாதி. வந்த புதிதில் ஒரு நாள் அப்பா இறங்கி நின்று, "வா வா, தாராளமா வா" என்று கை காட்டினார். அடியில் எண்ணெய் நிற்கிற சேம்பர் இடித்து விரிசல் விட்டது. வெல்டிங் வைத்துக் கொடுத்த மெக்கானிக், "இன்னொரு தபா இட்ச்சா அவ்ளோதாம்பா, சேம்பரு தேறாது" என்று சொல்லி அனுப்பினார். அந்த சேம்பர் இந்த ஊரில் எங்கேயும் கிடைக்காது.

அன்றிலிருந்துதான் எனக்கு வேலை வந்தது. வேகத்தடை வந்தால் நான் இறங்கிவிட வேண்டும். பாரம் குறைந்தால் வண்டி கொஞ்சம் தூக்கும். பிறகு ரோட்டோரமாகக் கன்னத்தைத் தரையோடு வைத்து, காரின் வயிற்றுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அளவு விரல்தான். மூன்று விரல் என்றால் தைரியமாக வரலாம். ஒரு விரல் என்றால் எறும்பு மாதிரி வர வேண்டும். அதற்கும் கீழே என்றால் நில்லு என்று கத்த வேண்டும், சித்தப்பா இறங்கி டிக்கியில் இருக்கிற இரண்டு பலகைகளை எடுத்து முன்னும் பின்னும் போட்டு ஏற்றுவார். எங்கள் வீட்டிலிருந்து மண்ணூர்பேட்டை பட்டறை வரைக்கும் பதினோரு வேகத்தடை. நான் ஒரு தடவை கூடத் தப்பாகச் சொன்னதில்லை. என் பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு தோள் மட்டும் எப்போதும் அழுக்காக இருந்தது, அம்மா திட்டிக்கொண்டே துவைத்தாள். எனக்கு அந்த அழுக்கில் பெருமை.

அப்பா ஒரு நாள் நான்தான் பார்க்கிறேனே என்று இறங்கப் போனதற்கு, சித்தப்பா சிரித்துக்கொண்டே, "நீ உள்ள குந்துண்ணா. பாப்பா சொன்னாதான் வண்டி நவுரும்" என்றார். அன்றோடு காரின் மேல் இருந்த பொறாமை எனக்குத் தீர்ந்துபோனது. இனி அது எங்கள் இருவருக்கும் பொதுவான கார்.

அந்த நிம்மதி நான்கு மாதம் கூட நிலைக்கவில்லை. சித்தப்பாவுக்கு நசரத்பேட்டையில் பெண் பார்த்து நிச்சயம் செய்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் தனியாக வெளியே போகக் கூடாது என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். சின்னப் பிள்ளை யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போனால் சரி. அந்தச் சின்னப் பிள்ளை நான். பின்சீட்டில் பெரியவர்கள் யாரும் உட்கார முடியாது என்பதால் வேறு ஆளைத் தேடவும் வழியில்லை. ஆக, என் முன்சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, முழங்கால் தாடையில் இடிக்கப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து, அவர்கள் காதலிப்பதற்கு நான் காவல் போனேன்.

அவளைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லி அம்மா பழக்கினாள். நான் பிடிவாதமாக அக்கா என்றேன். அவள் நல்லவளாகவே இருந்தாள், அதுதான் எனக்கு ஆகவில்லை. ஐஸ்கிரீம் வாங்கினால் எனக்குத்தான் முதலில் நீட்டினாள். தன் தலையில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் அதை எடுத்து எறிந்தேன். கண்ணாடியில் சித்தப்பாவின் கண்கள் தெரியும், அவை முன்னெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். இப்போது அவை இடது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தன. பின்சீட்டில் உட்கார்ந்து நான் வெந்துகொண்டிருந்தேன், அந்த வார்த்தைக்கு வேறு மாற்று இல்லை.

ஆனாலும் வேகத்தடை வந்தால் ராஜ்யம் என்னுடையது. அவளும் இறங்குவாள், துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். நான் தரையில் படுத்து விரல் சொல்வேன். இரண்டு வாரம் நின்று பார்த்தவள், மூன்றாவது வாரம் எதிர்ப்பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள். "ரெண்டு விரல் கீதுங்க, வாங்க" என்றாள். சரியாக இரண்டு விரல்தான் இருந்தது. சித்தப்பா தாண்டி வந்து நிறுத்தி, "பரவால்லியே, நீயும் கத்துகினியே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு முந்தின வினாடி வரை உலகத்தில் அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் நான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, அம்மா வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லிக்குப் போய் அவளுக்கு ரவிக்கை அளவு கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஏரிக்கரை ரோட்டில் காலையில் போகும்போது ஒரு இடத்தில் ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள், ஓரமாக ஒதுங்கிப் போனோம். இப்போது அந்தச் சாக்குகளை எடுத்துவிட்டு, யாரோ புதிதாக ஒரு வேகத்தடையைத் திறந்து வைத்திருந்தார்கள். வெள்ளைக் கோடு கூடப் போடவில்லை. வரப்பு மாதிரி செங்குத்தாக நின்றது. மூன்று பேரும் இறங்கிப் பார்த்தோம். சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். பிறகு மெதுவாகப் பார்க்கலாம் என்று ஏறி உட்கார்ந்தார்.

நான் இடது பக்கம் படுத்தேன். அவள் வலது பக்கம் உட்கார்ந்தாள். முன்சக்கரம் குறுக்காக ஏறியது, உச்சியில் நின்றது, இனி இறங்க வேண்டும். காரின் வயிறு கான்கிரீட்டை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஒரு விரல் இல்லை. அரை விரல் கூட இல்லை. நில்லு என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது.

அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நில்லுங்க நில்லுங்க, இடிக்கும்."

என் வார்த்தையை அவள் எடுத்துக்கொண்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த வார்த்தை போய்விட்டதால் மிச்சம் இருந்த வார்த்தையை நான் எடுத்தேன். "இடிக்காது சித்தப்பா, ஒரு விரல் கீது, நீ வா."

கார் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு வந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. தேங்காயைத் தரையில் தட்டினால் வருகிற சத்தம்தான். முன்சக்கரம் இறங்கிய வேகத்தில் காரின் முழுப் பாரமும் சேம்பரின் மேல் உட்கார்ந்துவிட்டது. புதுக் கான்கிரீட்டின் மேல் எண்ணெய் கறுப்பாக வழிந்து என் முழங்கை வரை வந்தது. சித்தப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, எனக்குப் பக்கத்தில் அதே மாதிரி படுத்துப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து, "ஒரு விரல் இருந்துச்சா பாப்பா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். சரி என்று தலையாட்டினார். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கயிறு கொண்டுவந்து குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்றைப் பிடித்துக் காரை இழுத்து வீட்டில் சேர்த்தவர் அந்த ஆட்டோக்காரர்தான். அவர் போன பிறகு அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து, கப்பல் என்று சொன்ன வாய்க்குச் சேர்த்து, காரை மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தும் நெடி வரவில்லை என்று அவளே சொன்னாள், கண் பட்டதற்கு அதுதான் அத்தாட்சி. எனக்கு மட்டும் தொண்டை கமறியது. இருமினால் தெரிந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சேம்பரை இரண்டு தடவை ஒட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கார் தார்ப்பாய்க்கு அடியில் போனது. கல்யாணம் முடிந்து இரண்டாம் மாதம் ஆவடியிலிருந்து ஒருவர் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். சித்தப்பா தெருமுனை வரை கூடவே நடந்து போய்விட்டு வந்து, நேராக மாடிக்குப் போனார். இனி பழையபடி பைக்தான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன். ஆனால் பைக்கில் பின்சீட்டு ஒன்றுதான், அது சித்திக்கு. பெட்ரோல் டேங்கின் மேல் உட்காருகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. அவர்கள் கிளம்பும்போது நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காரின் பின்னால் முழங்கால் இடிக்கிற அந்தக் குட்டிச் சீட்டில், என்னைத் தவிர யாருமே உட்கார முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

போன மாதம் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, எந்த மேட்டிலும் ஏறி இறங்குகிற வண்டி. சித்தியை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனேன். ஒரு வேகத்தடையில் ஏறும்போது அவள் சிரித்துக்கொண்டே, "எத்தினி விரலுடி?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அன்றைக்கு ஒரு விரல் இல்லை சித்தி என்றேன்.

"தெரியும். நானும்தானே பாத்துகினு இருந்தேன்" என்றாள். அப்புறம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லி? நான் நில்லுன்றேன், நீ வான்ற. உங்க சித்தப்பா என்னைப் பாக்கறாரு, அப்பறம் உன்னைப் பாக்கறாரு. பாப்பா சொல்லுதுன்னு சொல்லிக்கினே வண்டியை வுட்டாரு. கட்டிக்கப் போறவ நானு. ஊட்டுக்குப் போயி தலகாணியில மூஞ்ச வச்சுகினு அழுதேன். உம்மேல எனக்கு அப்டி ஒரு காண்டு, கல்யாணம் ஆயி ஒரு வருசம் அது போவல."

சித்தப்பா என்னைப் பார்த்தார் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் பார்த்தபோது நான் கன்னத்தைத் தரையில் வைத்து, இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.