மாமா இருக்கிற வைகுண்டம்

என் அக்காவின் புருஷன் வைகுண்ட ஏகாதசி அன்று காலையில் செத்துப்போனார். அன்று முதல் எனக்குச் சொர்க்கத்தின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். வருகிற பொருளை நல்லது என்று நம்பிவிடாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வெளியே வந்தாலும் அந்தப் புத்தி விடுவதில்லை. சாவுச் சேதி கேட்டு, சூளூர்பேட்டையிலிருந்து பஸ் மாறிப் போய் நகரியில் அக்கா வீட்டு வாசலை மிதித்ததும், காதில் விழுந்த முதல் பேச்சே எனக்குச் சுருக்கென்றது.

"அத்ருஷ்டவந்துடம்மா, கொடுத்துவச்ச மனுஷன்! நேரா வைகுண்டம்தான். யாருக்குக் கிடைக்கும் இந்த மாதிரி சாவு?" என்று தெருக்காரர் ஒருவர் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சொர்க்கவாசல் திறந்திருக்குமாம். அன்று உயிரை விட்டவனை யாரும் நிறுத்தி, நீ என்னப்பா செய்துவிட்டு வருகிறாய் என்று கேட்க மாட்டார்களாம். எங்கள் கம்பெனி கேட்டில்கூட டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

மாமா பக்திமான்தான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. புரட்டாசி மாதம் தவறாமல் நடந்தே திருப்பதி மலையேறுவார். நெற்றியில் நாமம் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதிலேயே வீட்டில் கவிச்சி வாடை வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மீன் என்றால் உயிரை விடுகிற என் அக்கா அதோடு மீனை மறந்தாள். மனுஷன் குடித்ததில்லை, சீட்டைத் தொட்டதில்லை. பெண்டாட்டியை அடித்தார், அவ்வளவுதான். அதையும் நாலு பேருக்குத் தெரியாமல் அடித்தார். வீட்டிலேயே பவர்லூம். அது ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. தறி ஓடுகிற நேரம் பார்த்துத்தான் அவருக்குக் கை நீளும். கரண்ட் போய்விட்டால் தங்கமான மனுஷன். அக்காவுக்கு இடது காது கேட்காமல் போனதும் அப்படி ஒரு மத்தியானம்தான். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது என்று மாமா ஊருக்குச் சொன்னார். வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற அந்தத் தெருவில் அதை நம்புவது சுலபம், ஊரும் நம்பியது.

இந்த மனுஷனுக்கா ஏகாதசியில் சாவு? என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பக்கவாதத்தில் ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடந்தவர். முந்தின நாளே போயிருப்பார், அக்கா பையன் சேதியை அமுக்கி வைத்து நல்ல நாள் பார்த்துச் சொல்லியிருப்பான் என்று தோன்றியது. பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தவனை ஓரமாக இழுத்து, "நெஜமாலுமே இன்னிக்குத்தான் போனாராடா?" என்று கேட்டேன்.

"இன்னா சின்னம்மா, செத்தவருக்குக் கூடவா செக்கிங்கு?" என்று எரிந்து விழுந்தான்.

விடுவேனா? அக்காவிடமே போய்க் கேட்டேன். "நான்தானே பக்கத்துல இருந்தேன்? விடிஞ்சுது, வாயில பால் ஊத்தினேன், ஒரு முழுங்கு எறங்குச்சு, போய்ட்டாரு. இன்னிக்குத்தாண்டி" என்றாள். அக்கா பொய் சொல்ல மாட்டாள். என் சந்தேகம் தோற்றுப்போனதில் எனக்குக் கோபம்தான் வந்தது.

எடுப்பதற்கு முன்னால் உறவுக்கார அம்மாள் ஒருத்தி அக்காவைக் கட்டிக்கொண்டு தேற்றினாள். "அழாதம்மா. அவரு உனக்கு முன்னாடி போயிருக்காரு, அவ்ளோதான். நீ செஞ்ச சேவைக்கு நீயும் ஒருநாள் அங்கயே போய் அவருகூட சேர்ந்துக்குவே." பக்கத்தில் நின்ற என் முழங்கையை அக்கா இறுகப் பிடித்தாள். பிடித்த இடம் கன்றிப்போனது. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறவள், அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

சில மாதம் கழித்து அக்கா பையன் போன் செய்தான். "சின்னம்மா, அம்மா சனிக்கிழம ஒருபொழுது இருக்கறதில்ல. வெளக்கு ஏத்தறதில்ல. மலைக்குப் போலாம்னா காலு வலின்னுது. வேதத்துல சேர்ந்துட்டாங்களா, சர்ச்சுக்குப் போறாங்களான்னு தெருவுல கேட்டுக்கினு இருக்காங்க. நீதான் எதுனா சொல்லிக் கெடுத்திருப்பே."

சத்தியமாக நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. அடி சக்கை! ஒருவழியாக அக்காவுக்குப் புத்தி வந்துவிட்டது, என் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நான் போனபோது கரண்ட் இல்லை, தறி நின்றிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும்போல அவளுக்கு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். அந்தக் காதுதான் அவளுக்குக் கேட்கும்.

"சாமி கீமியெல்லாம் பொய்யின்னு தெரிஞ்சுக்கினியா அக்கா?" என்றேன்.

"சீ, வாயக் கழுவு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி இல்லாம எப்படிடீ?"

"அப்புறம் ஏன் ஒருபொழுத விட்டுட்டே?"

அக்காவின் கை நின்றது. "ஒருபொழுது இருந்தா புண்ணியம். புண்ணியம் சேர்ந்தா வைகுண்டம். அங்க யாரு உக்காந்துக்கினு இருக்காரு?"

சிரித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"சிரிக்காதடி. எப்படியும் ஒருநாளு முடிஞ்சிரும், முடிஞ்சிரும்னுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன். இங்கன்னா சாவுன்னு ஒண்ணு வருது, முடிஞ்சிருது. அங்க சாவே கெடையாதாமே! நான் போய் நின்னதும், இம்மா நேரம் எங்கடி போனே, தண்ணி கொண்டாம்பாரு. அது எப்ப முடியும், சொல்லு?"

இவளை இப்படிப் பயமுறுத்தி வைத்தவர்கள் எவராயிருந்தாலும் அவர்கள் வாயில் மண் விழ! "அக்கா, இங்க பாரு. அந்த மாதிரி எடமே கெடையாது. எவன் போய்ப் பார்த்துட்டு வந்தான்? வைகுண்டமும் இல்ல, நரகமும் இல்ல. எரிச்சா சாம்பல். நீ நிம்மதியா இரு."

"நரகமும் இல்லியா?"

"இல்ல."

"அப்ப அவரு தப்பிச்சிக்கினாரா?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பித்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அதே நினைப்புதான். எனக்கு இந்தச் சொர்க்க ஏற்பாட்டின் மேல் இருந்த சந்தேகம் குறையவில்லை. மலையில் சொர்க்கவாசலை முன்பெல்லாம் ரெண்டு நாள் திறந்தார்கள், இப்போது பத்து நாள் திறக்கிறார்கள். கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி நீளுகிற வாசலை எப்படி நம்புவது? அடிபட்டவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல், நாள் நன்றாயிருக்கிறது, நீ போகலாம் என்று அனுப்பிவிடுகிற இடம் என்ன இடம்? ஆனால் இந்தத் தடவை என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. செத்த பிறகு கேட்பார் யாரும் இல்லை என்று நான் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! என் காது ரெண்டும் நன்றாகக் கேட்கிறது, நான் சொல்லலாம். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னாரே, மேலே கேள்வி வராமல் அதை முடித்துவைத்த மாதிரிதான் நானும் முடித்துவைத்திருக்கிறேன். ஊர் வந்து சேரும்வரை மனசு ஆறவில்லை.

அடுத்த வைகுண்ட ஏகாதசி அன்று காலையில் அக்கா சூளூர்பேட்டையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏகாதசியில் திதி கொடுக்கக் கூடாது என்று மாமாவின் வருஷத் திதியை மறுநாள் துவாதசிக்கு வைத்திருந்தார்கள்.

"பையன்கிட்ட இன்னா சொல்லிட்டு வந்தே?"

"உனக்கு ஜொரம்னு சொன்னேன். சாயங்காலம் திரும்பிடுவேன்." எனக்குத் தெரிந்து அக்கா சொன்ன முதல் பொய் அதுதான். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மீனு வாங்கினு வா" என்றாள்.

அன்றைக்கு மீன் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பழவேற்காடு ஏரி மடவை மீன் நல்லதாகவே கிடைத்தது. அக்கா பக்கத்தில் நின்று, புளியை இன்னும் கொஞ்சம் கரை என்று அதட்டி அதட்டிக் குழம்பு வைக்க வைத்தாள். ஏகாதசியில் ஒரு பருக்கை சோறு தின்பதே பாவம் என்று சொல்லுகிற வீட்டுப் பெண், தட்டு நிறையச் சோறும் மீனுமாக உட்கார்ந்தாள். முதலில் மலை இருக்கிற திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். நம்பிக்கை உள்ளவள் என்பதால் முதல் கவளத்தைத் தட்டிலேயே ஒருதரம் வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். நானானால் வைத்திருக்க மாட்டேன். அதனாலேயே எனக்கு அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பாதிச் சாப்பாட்டில் கேட்டாள். "இதுக்கு நரகம்தானே?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"உன்ன மாதிரி எதையும் நம்பாததுங்களுக்கு?"

"எங்களுக்கும் அதேதானாம். எண்ணெய்ச் சட்டி."

அக்கா முள்ளைப் பிரித்துத் தட்டு ஓரத்தில் வைத்தாள். "அப்ப நீ அங்கதான் இருப்பே."

இல்லாத இடத்துக்கு எப்படி அக்கா வருவேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன். "இருப்பேன் அக்கா" என்றேன்.

"எண்ணெய்ச் சட்டின்னா சத்தமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த துண்டை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டாள். "நீ எனக்கு வலது பக்கமா வந்து உக்காரு. அப்பதான் நீ பேசறது கேக்கும்."